கிஷாநட்டம் எங்கே இருக்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றை அவ்வப்போது வெளியிடுகிறது. அதில் கேரளத்தின் பெயருக்கு நேராகப் பல்லாண்டுகள் ஒரே ஒரு நிறுவனம்தான் நின்றது: செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், கிஷாநட்டம், கேரளம். கோழிக்கோட்டுக் குன்னமங்கலத்து நிறுவனம் ஒன்று அண்மைக் காலத்தில்தான் அதனுடன் சேர்ந்தது. திருவனந்தபுரத்துக்கு ஆய்வு மாணவியாக வந்த புதிதில், இந்தக் கிஷாநட்டம் எங்கே இருக்கிறது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். காசர்கோட்டு நண்பருக்கும் தெரியவில்லை, பாறசாலை நண்பருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. குருவாயூர்க் கோயிலில் ஆடப்படும் கிருஷ்ணனாட்டம்தான் ஓசையளவில் அதற்கு மிக அருகில் வந்தது. கூத்தின் பெயரை ஊரின் பெயராக்கியது யாருடைய கைவண்ணமோ!

அப்பட்டியலைப் படிப்பது ஒருவகையில் வேடிக்கையான பொழுதுபோக்கு. தில்லி தரியாகஞ்சில் 'கமர்ஷியல் யூனிவர்சிட்டி லிமிடெட்' என்று ஒன்று. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அதே தில்லியில் 'யுனைடெட் நேஷன்ஸ் யூனிவர்சிட்டி' என்று இன்னொன்று. ஐக்கிய நாடுகள் அவையின் உண்மையான பல்கலைக்கழகம் டோக்கியோவில் இருக்கிறது. நாமும் படித்துச் சிரித்துவிட்டு, இவற்றில் யார் போய் ஏமாறுவார்கள் என்று கடந்துபோகிறோம். பட்டியலில் இல்லாதது உண்மையானதுதான் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் அப்போது மனத்தில் படிந்துவிடுகிறது. நான் எழுத வந்தது அந்த எண்ணத்தைப் பற்றித்தான். அது பிடிபட்டவர்களின் பட்டியல் மட்டுமே.

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கடமை உண்டு. பிளஸ் டூ முடிவு வெளிவரும் மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை ஊரிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். மார்த்தாண்டத்தில், குழித்துறையில், கொல்லங்கோட்டில் இருந்தெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "அக்கா, அந்தக் காலேஜ் ஒரிஜினலா?" கேட்பவரின் கவலை நியாயமானது. கேள்விதான் போதாது. கட்டடம் இருக்கிறதா, ஆசிரியர்கள் இருக்கிறார்களா, பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் இருக்கும். கேட்கவேண்டியது வேறு: இந்தப் பட்டத்தை, இந்த ஊரில், இந்த ஆண்டில் வழங்கும் அதிகாரம் யாருக்கு, எந்தச் சட்டத்தால் வந்தது?

இதை விளக்க நான் இந்த நகரத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். பாளையத்தில் செனட் மாளிகையைக் கொண்ட கேரளப் பல்கலைக்கழகம் 1937இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. சர் சி. பி. இராமசாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். இன்று அது 1974ஆம் ஆண்டின் கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. ஆக, அதன் பட்டத்துக்குப் பின்னால் நிற்பது மாநிலச் சட்டமன்றம். மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டியுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயரில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே கிடையாது. ஆயினும் 1980இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அது தன் பெயரிலேயே பட்டம் வழங்குகிறது. நெடுமங்காட்டுப் பக்கம் வலியமலையில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதன் அதிகாரம் மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து வருகிறது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. மாணவர்களைத் திகைக்கவைப்பது இதுதான். உள்ளூரில் லாரி பேக்கரின் செங்கல் கட்டடங்களுக்குள் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம், பொருளியலாளர் கே. என். ராஜ் முன்னின்று உருவாக்கியது, உலகறிந்தது. அங்கே ஆய்வு செய்து பெறும் முனைவர் பட்டத்தில் அம்மையத்தின் பெயரால் யாரும் முத்திரை இடுவதில்லை. பட்டத்தை வழங்குவது புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். புகழ் எவ்வளவு பெரிதாயினும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதனால் வந்துவிடாது என்பதை அந்த மையம் தன் நேர்மையான நடைமுறையால் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இணைவுபெற்ற கல்லூரிகள் எல்லாவற்றின் நிலையும் இதுவே. தன்னாட்சிக் கல்லூரி தானே தேர்வு நடத்தினாலும் பட்டம் தருவது தாய்ப் பல்கலைக்கழகம்தான். எனவே கல்லூரியைப் பற்றிக் கல்லூரியிடம் கேட்பதில் பயனில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்கிறார்களோ அதன் இணைவுப் பட்டியலில், அந்தக் கல்லூரி, அந்தப் பாடப்பிரிவு, அந்த ஆண்டு என்ற மூன்றும் ஒருங்கே இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கல்லூரி இருக்கும், பாடப்பிரிவு இராது என்பது நம் பக்கத்தில் அடிக்கடி நிகழ்கிறது.

1956ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் இதை மூன்று பிரிவுகளில் சொல்லிவிடுகிறது. 22ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், 3ஆம் பிரிவின்கீழ் வரும் நிகர்நிலை நிறுவனம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை தவிர வேறு யாரும் பட்டம் வழங்கலாகாது. சட்டவழி வராத நிறுவனம் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்துக்கொள்வதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. அச்சொல்லைத் தவிர்த்துவிட்டு வித்யாபீடம், கவுன்சில், அகாடமி, போர்டு என்று பெயர் வைப்பவர்களின் சாமர்த்தியம் இந்தப் பிரிவைப் படித்தால் புரியும். மீறினால் என்ன தண்டனை? 24ஆம் பிரிவு சொல்வது, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1956இல் அது பெருந்தொகை. இன்று தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு டாக்சி பிடிக்கக்கூட அது போதுமா என்பது ஐயம். மோசடி, கள்ள ஆவணம் என்று குற்றவியல் சட்டத்தின்கீழ் வழக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கவேண்டும். தன் பட்டம் செல்லாது என்று தானே எழுதிக் கையெழுத்திட எத்தனை பேர் முன்வருவார்கள்?

கேரளத்தைப் பொறுத்தவரை என்னிடம் 2025 மார்ச் வரை ஓர் எளிய விடை இருந்தது. தனியார் பல்கலைக்கழகம் நிறுவ வழிசெய்யும் சட்டமே இம்மாநிலத்தில் இல்லை. ஆகவே நிகர்நிலை நிறுவனம் அல்லாத எதுவும் "திருவனந்தபுரத்தில் உள்ள தனியார் பல்கலைக்கழகம்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டால், மேலே விசாரிக்க வேண்டியதே இல்லை. 2025 மார்ச் 25 அன்று தனியார் பல்கலைக்கழக மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த எளிய விடை இனி உதவாது. இனிமேல் ஒவ்வொரு பெயருக்கும் அரசிதழைப் பார்த்தாகவேண்டும். புதிய சட்டம் வந்த உடனே வரும் குழப்பக் காலந்தான் இந்தத் தொழிலுக்கு அறுவடைக் காலம் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு.

அது சத்தீஸ்கர். அம்மாநிலம் 2002இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக்கழகம் பிறந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்டவை அப்படிப் பிறந்தன. கட்டடமோ வளாகமோ இல்லாமல் ஓர் அறைக்குள் இயங்கியவையும் அவற்றில் இருந்தன. மானியக் குழுவின் முன்னாள் தலைவரான இயற்பியலாளர் யஷ்பால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு அச்சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. அவற்றின்கீழ் பிறந்த பல்கலைக்கழகங்கள் அத்தனையும் அன்றோடு இல்லாமல்போயின. அத்தீர்ப்பில் இன்னொரு கருத்தும் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டம் அம்மாநில எல்லைக்குள்தான் செல்லும். அச்சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் எல்லை தாண்டி வேற்று மாநிலத்தில் மையம் திறக்க முடியாது. 2013இல் மானியக் குழுவும் இதையே பொது அறிவிப்பாக வெளியிட்டது.

இந்த எல்லைக் கோடு ஒரு மனிதரின் வாழ்க்கைக்குக் குறுக்கே ஓடுவதை நான் அருகிருந்து பார்த்தேன். விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த பெண் அவர். என்னைவிட நான்கு வயது இளையவர். நாகர்கோவிலில் பி.ஏ. முடித்து, ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். தம்பானூரில் பயண முகவர் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இயங்கிய 'ஸ்டடி சென்டர்' ஒன்றில் ஞாயிறுதோறும் வகுப்புக்கு வந்து எம்.ஏ. படித்தார். பல்கலைக்கழகம் வடமாநிலம் ஒன்றில் இருப்பது. அந்த மாநிலச் சட்டத்தால் முறையாக நிறுவப்பட்டது, மானியக் குழுவின் பட்டியலில் உள்ளது. சேருமுன் அவர் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தார். அதாவது, நாம் எல்லாருக்கும் சொல்லும் அறிவுரையை அவர் பின்பற்றியிருந்தார்.

பட்டம் கையில் வந்தபின், கேரளத்து மேனிலைப் பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத எண்ணி, இணைத்தன்மைச் சான்றுக்காகப் பாளையத்துக்கு வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். சாளரத்துக்கு அப்பால் இருந்த அலுவலர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடுமை சிறிதும் இல்லாத குரலில், "எவிடெயாணு படிச்சது?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் தாளிலேயே இருக்கிறது. அவர் கேட்டது ஊரை. இக்கேள்வி வரும் என்று மையத்தார் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலைமை வளாகத்தில் தங்கிப் படித்ததாகச் சொல்லவேண்டும், தேர்வும் அங்கேயே எழுதியதாகச் சொல்லவேண்டும், கேட்டால் காட்ட இரண்டு இரயில் பயணச்சீட்டுகளின் நகல்கூடத் தந்திருந்தார்கள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "தம்பானூர்ல" என்றார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. படியிறங்கும்போது அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப நான் படிச்சது பொய்யா அக்கா?" களியக்காவிளையிலிருந்து வரும் பேருந்தில் நின்றுகொண்டே ஹேம்லெட்டைப் படித்தவர் அவர். படித்தது பொய்யில்லை. அவருக்குப் பாடம் சொன்ன இளைஞர்கூட நல்ல ஆசிரியர் என்றே கேள்விப்பட்டேன். அந்தக் கல்வியைப் பட்டம் என்று எழுதித்தரும் உரிமை தம்பானூர் மாடியில் யாருக்கும் இருக்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எளிதாக எழுதிவிடுகிறேன். அவருக்கு அது மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள். கட்டணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது மாடியில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. இப்போது வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

இந்த வணிகத்தில் என்னை மிகவும் உறுத்துவது அந்த இரயில் சீட்டு நகல்கள்தாம். ஏமாற்றப்பட்டவரை ஏமாற்றுக்கு உடந்தையாக்கும் ஏற்பாடு அது. பொய் சொல்லிச் சான்று பெற்றவர் பிறகு ஒருநாளும் புகார் கொடுக்கமாட்டார். ஆண்டுக்கணக்கில் அந்த மாடியில் விளக்கு எரிந்தது அந்த மௌனத்தால்தான். ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்லும் அடையாளம் இதுதான். எந்த நிறுவனமாவது "கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்று உங்களுக்கு ஒரு விடையைக் கற்றுத்தந்தால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் இப்போது இக்னோவில் எம்.ஏ. முதலாண்டிலிருந்து மறுபடி படிக்கிறார். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது இக்னோ. அதன் எல்லை இந்தியா முழுவதும். திருவனந்தபுரத்தில் மண்டல மையமும் இருக்கிறது.

இடம் போலவே ஆண்டும் முக்கியம். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் போலி என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். தமிழ் படித்த நம்மில் பாதிப் பேருக்கு அது தாய்வீடு. ஆனால் அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 வரையே ஒப்புதல் இருந்தது, அதன்பின் ஒப்புதலின்றி நடத்தப்பட்டவை செல்லா என்று மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. பாடப்பிரிவும் அப்படித்தான். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் மறுதேர்வு எழுதவேண்டியதாயிற்று. அதற்குப்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நீக்கப்பட்டன. அந்த நான்கில் ஒன்று சேலத்தில் இருப்பது. வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வும் பெற்றுப் பதினைந்து ஆண்டு கழிந்தவர்களும் மீண்டும் தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

போலிகள் காட்டும் தாள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவை பெரும்பாலும் உண்மையான தாள்கள். அறக்கட்டளைப் பதிவு உண்மை, ஐஎஸ்ஓ சான்று உண்மை, குறு சிறு தொழில் பதிவு உண்மை, வணிகக் குறியீட்டுப் பதிவும் உண்மை. இவற்றில் ஒன்றுகூடப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பற்றியதன்று. மளிகைக்கடை நடத்துபவரும் இத்தனையையும் பெறலாம். இந்நகரில் இன்னொரு நம்பிக்கையும் வலுவாக உண்டு. தைக்காட்டு நோர்க்கா அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று, வெளியுறவுத் துறையின் முத்திரையும் விழுந்துவிட்டால் சான்றிதழ் புனிதமாகிவிட்டது என்பது. முத்திரைகளின் அந்தச் சங்கிலியில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய கையொப்பத்தைத்தான் உறுதிசெய்கிறது. படிப்பின் தகுதிக்கு அது பொறுப்பேற்பதில்லை. 2018இல் குவைத்து, பொறியாளர்களின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கத் தன் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அச்சங்கமோ நம் தேசியத் தரச்சான்று வாரியத்தின் தரச்சான்று பெற்ற படிப்புகளை மட்டுமே ஏற்றது. அரசு ஒப்புதல் பெற்ற நல்ல கல்லூரிகளில் படித்தவர்கள்கூட அன்று திண்டாடினார்கள். அங்கீகாரம், இணைவு, ஒப்புதல், தரச்சான்று ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள். விளம்பரத் தாள்கள் இந்நான்கையும் வேண்டுமென்றே ஒரே சொல்லாகக் குழைத்துவிடுகின்றன.

இனிக் கடைசி வகை: பல்கலைக்கழகம் உண்மை, அதிகாரம் உண்மை, தாள் மட்டும் பொய். 2020இல் தங்கக் கடத்தல் வழக்கு வெடித்தபோது, இந்நகரின் ஸ்பேஸ் பார்க் திட்டத்தில் பணியாற்றிய ஒருவரின் பி.காம். பட்டம் பேச்சுக்கு வந்தது. அது மகாராஷ்டிரத்து லோணேரேயில் உள்ள பாபாசாகேப் அம்பேத்கர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயரால் இருந்தது. அது தாம் வழங்கியதல்ல என்று அப்பல்கலைக்கழகம் தெரிவித்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலா என்று நேர்காணலில் யாரேனும் புருவத்தை உயர்த்தியிருந்தால் போதும், விசாரணை முகமைகள் வரவேண்டிய தேவையே இருந்திராது.

2023 ஜூனில் காயங்குளத்தில் நிகழ்ந்தது எங்கள் பல்கலைக்கழகத்தையே உலுக்கியது. ஒரு மாணவர் தலைவர், ராய்ப்பூர்க் கலிங்கா பல்கலைக்கழகத்து பி.காம். சான்றிதழுடன் எம்.காம். சேர்ந்திருந்தார். அதே கல்லூரியில் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அவர் முறையான பி.காம். மாணவராகவும் இருந்தவர். அவர் தம் மாணவரே அல்லர் என்று கலிங்கா சொன்னது. இதில் ஆய்வாளர்களாகிய நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. அவரிடம் இணைத்தன்மைச் சான்று இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் இன்ன பட்டம் நம் பட்டத்துக்கு நிகரானதா என்பதுதான் இணைத்தன்மை. இந்தத் தாளை அந்தப் பல்கலைக்கழகம்தான் தந்ததா என்பது உண்மைத்தன்மை. முதலாவதைக் கேட்டு வாங்கிவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக அலுவலகங்கள் நினைத்துக்கொள்கின்றன. கல்லூரி பல்கலைக்கழகத்தைக் கைகாட்ட, பல்கலைக்கழகம் கல்லூரியைக் கைகாட்டியது. இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

உண்மைத்தன்மையைச் சான்றிதழ் தந்த இடத்திலேயே கேட்பதும் சில வேளை போதாது. இமாசலப் பிரதேசத்துச் சோலனில் 2009இல் தொடங்கிய மானவ் பாரதி பல்கலைக்கழகம் வழங்கிய ஏறத்தாழ 41,000 பட்டங்களில் 36,000 போலி என்று மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு 2021இல் கூறியது. விற்பவரிடமே சரக்கைப் பற்றிக் கேட்டால் என்ன விடை வரும்? அங்கேதான் கல்வியாளரின் சாதாரண அறிவு வேண்டியிருக்கிறது. வேலை செய்த ஊரும் படித்த ஊரும் ஒரே காலத்தில் ஆயிரம் மைல் தள்ளி இருக்கின்றனவா, ஆய்வேட்டுக்கு நெறியாளர் யார், அந்த நெறியாளர் அத்துறையில் எதையாவது எழுதியிருக்கிறாரா, வாய்மொழித் தேர்வு என்று நடந்தது, ஆய்வேடு எந்த நூலகத்தில் இருக்கிறது என்றெல்லாம் கேட்க நமக்குச் சட்ட அறிவு வேண்டாம்.

முனைவர் பட்டத்தைப் பற்றி நம் கூட்டத்தார் பேசத் தயங்குவதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். தொலைநிலையிலும் இணையவழியிலும் முனைவர் பட்டம் இல்லை என்பது விதி. வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து இணைய நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் 'ஆன்லைன் பிஎச்.டி.' செல்லாது என்று 2022 அக்டோபரில் மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக எச்சரித்தன. விதிகளை மீறியதற்காக இராஜஸ்தானத்தின் ஓபிஜேஎஸ், சன்ரைஸ், சிங்கானியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் 2025–26 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் பட்ட மாணவரைச் சேர்க்கக்கூடாது என்று 2025 ஜனவரியில் தடை வந்தது. இந்தப் பட்டங்களை வாங்கியவர்கள் யார்? பாமரர்கள் அல்லர். பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஆசிரியர்கள், அதாவது நம்மவர்கள். வாங்குபவர் வகுப்பறைக்குள் இருக்கும்போது விற்பவரை மட்டும் ஏசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மதிப்புறு முனைவர் பட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து விவேகானந்தர் அரங்கில் ஒரு விழா நடந்தது. திரைக்கலைஞர்கள் முதல் யூடியூப் இளைஞர்கள் வரை பலருக்கு அங்கி போர்த்தி 'டாக்டர்' பட்டம் வழங்கினார்கள். வழங்கியது ஒரு தனியார் அமைப்பு. பல்கலைக்கழகத்துக்கு அதில் தொடர்பே இல்லை. அரங்கத்தை மட்டும் அனுமதி பெற்று எடுத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை நம்பி அனுமதி கொடுத்ததாகப் பல்கலைக்கழகம் சொல்ல, அக்கடிதமே பொய் என்று அவர் சொன்னார். ஒரு மேடை, ஓர் அங்கி, பின்னால் தெரிந்த ஒரு பெரும் பெயர் என்பவை போதுமாயிருந்தன. தம்பானூர் மாடிக்கும் அந்த அரங்குக்கும் வேறுபாடு, பின்னதில் குளிர்சாதன வசதி இருந்தது என்பதுதான்.

இவ்வளவையும் எழுதியது இந்த ஆண்டு அழைப்புகள் தொடங்கிவிட்டதால். அழைப்பவர்களிடம் நான் கேட்பவை: பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? அந்தப் பெயருக்குரிய சட்டத்தின் ஆண்டும் எண்ணும் என்ன? வகுப்பும் தேர்வும் நடக்கும் ஊர் அச்சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதா? தொலைநிலை என்றால், மானியக் குழுவின் தொலைநிலைப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இந்தப் பாடம் இந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா? செவிலியம், சட்டம், மருந்தியல், ஆசிரியப் பயிற்சி என்றால் அந்தந்தக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா? விடைகளைக் கல்லூரி தரும் இணைப்பை அழுத்திப் பார்க்காதீர்கள். மானியக் குழுவின் தளத்துக்கோ பல்கலைக்கழகத்தின் தளத்துக்கோ நீங்களே போய்த் தேடுங்கள். சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தால், டிஜிலாக்கரில் உள்ள தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கு அங்கே எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுத்தில் விடை வேண்டுவோர்க்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, "இன்ன முகவரியில் இயங்கும் இன்ன மையத்துக்கு இன்ன கல்வியாண்டில் உங்கள் ஒப்புதல் உண்டா? உண்டெனில் ஆணையின் நகலைத் தருக" என்று இரண்டு வரி எழுதினால் போதும். "அங்கீகாரம் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "உண்டு" என்று ஒரே சொல்லில் விடை வரும். முகவரியும் ஆண்டும் கட்டாயம் இருக்கவேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதிரி விண்ணப்பம் தயாராக வைத்திருக்கிறேன். மலையாளத்தில் மொழிபெயர்த்துத் தரத் துறை நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேண்டுவோர் கல்லூரியின் பெயரையும் பாடப்பிரிவையும் குறிப்பிட்டு உள்பெட்டியில் எழுதுங்கள். ஜூன் கடைசி வரை எந்நாளும் இரவு ஒன்பதுக்கு மேல் விடை எழுதுவேன். முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.